நழுவும் கட்டி, நழுவாத கட்டி: கம்ப்யூட்டரில் செய்த மார்பகம்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்புறம் உள்ள ஒரு கிராமத்தில் சுமார் 20 வருஷத்துக்கு முன்பு நடந்ததைச் சொல்லி இந்தப் பாடத்தை ஆரம்பிக்கிறேன். அன்றைக்கு நான் போனது கருத்தடை முறைகளைப் பற்றிப் பேச. கூட்டம் கலைந்து எல்லோரும் போன பிறகும் ஒரு தாய் மட்டும் திண்ணை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். வயது 35 இருக்கும். கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்: "எல்த்தம்மா, மாருல ஒரு கட்டி இருக்குது. வலி ஒண்ணும் இல்ல. தொட்டா ஓடுது."

உள்ளே அழைத்துப் போய்ப் பார்த்தேன். கோலிக்குண்டு அளவு இருந்தது. விரலை வைத்தால் நழுவியது. நழுவுகிற கட்டி பெரும்பாலும் சாதாரணக் கட்டி என்று எனக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தைரியத்தில், "பயப்படாதேம்மா, ஓடுற கட்டிதான். நேரம் கிடைக்கும்போது பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடு" என்றேன்.

"நேரம் கிடைக்கும்போது" என்று நான் சொன்னது தப்பு. நடவு, களை, மூத்த பெண்ணின் சடங்கு, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்து, அவருக்கு நேரம் கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. போய்ப் பார்த்தபோது அது புற்று. அப்போது அது நழுவவும் இல்லை.

விரலுக்குத் தெரிவது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்ற கேள்வி அன்றிலிருந்து என் மனசை விட்டுப் போகவில்லை. இதே கேள்வியை விஞ்ஞானிகள் கம்ப்யூட்டருக்குள் ஒரு மார்பகத்தையே செய்து வைத்துக்கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் நம் சென்னையோடு சம்பந்தப்பட்ட ஒருவரும் உண்டு. புருஷனும் பெஞ்சாதியும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம் இது. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மார்பகத்துக்குள் என்ன இருக்கிறது?

மேலே தோல். உள்ளே பெரும்பகுதி கொழுப்பு. கொழுப்புக்கு நடுவே பால் சுரக்கும் சுரப்பிகள், திராட்சைக் கொத்து மாதிரி. ஒவ்வொரு கொத்திலிருந்தும் பாலைக் காம்புக்குக் கொண்டுவரும் குழாய்கள். இவற்றையெல்லாம் தாங்கிப் பிடிக்கும் நார்கள், பந்தல் கட்டிய கயிறு மாதிரி. ரத்தக் குழாய்களும் உண்டு.

எல்லாப் பெண்களுக்கும் இவை ஒரே அளவில் இருப்பதில்லை. சிலருக்குக் கொழுப்பு அதிகம். சிலருக்குச் சுரப்பியும் நாரும் அதிகம், முக்கியமாக இளம் வயதில். எக்ஸ்ரே படத்தில் கொழுப்பு கறுப்பாகவும் சுரப்பியும் நாரும் வெள்ளையாகவும் தெரியும். கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும். கறுப்புத் தரையில் ஒரு அரிசி கிடந்தால் கண்ணில் படும். அரிசி மூட்டைக்குள் ஒரு வெள்ளைக் கல்லைத் தேடினால்? இளம் பெண்களுக்கு எக்ஸ்ரேயை விட ஸ்கேன் நல்லது என்று டாக்டர்கள் பல சமயம் சொல்வது இதனால்தான்.

இனி கட்டிக்கு வருவோம். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. இளம் பெண்களுக்கு அடிக்கடி வருவது பைப்ரோ அடினோமா என்னும் சாதாரணக் கட்டி. அதற்கு ஒரு வழவழப்பான ஓரம் உண்டு. பக்கத்துச் சதையோடு அது கெட்டியாக ஒட்டிக்கொள்வதில்லை. பலாச்சுளையைப் பிதுக்கினால் உள்ளே இருக்கும் கொட்டை எப்படி வழுக்குகிறது? அப்படி நழுவும். புற்றுக் கட்டியின் சுபாவம் வேறு. அது பக்கத்துச் சதைக்குள் வேர் விட்டது போல் பரவிப் பிடித்துக்கொள்ளும். நார் மாம்பழத்தின் கொட்டையைச் சதையிலிருந்து பிரித்துப் பாருங்கள். கொட்டையை இழுத்தால் சதையும் கூட வரும். அதுதான் புற்றின் பிடி.

ஆனால் புற்று சின்னதாக இருக்கும் காலத்தில் இந்தப் பிடி விரலுக்குத் தெரியாமல் போகலாம். கட்டியைச் சுற்றி இருக்கும் கொழுப்பு முழுவதுமே விரலுக்கடியில் நகர்ந்தால், கட்டி நழுவுகிறது என்று நமக்குத் தோன்றும். நான் ஏமாந்தது இப்படித்தான். விரல் ஏமாறுகிற இடத்தில் ஒரு மெஷின் அந்தப் பிடியைக் கண்டுபிடித்துச் சொல்லுமா?

பவுண்டரியில் வேலை செய்யும் தம்பிகளுக்குத் தெரியும்

நம் பகுதியில் இரும்பு உருக்கும் கம்பெனிகளிலும் வார்ப்படக் கம்பெனிகளிலும் வேலை பார்ப்பவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். வார்த்த இரும்புக்குள் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று யூ.டி. மெஷினை வைத்துப் பார்க்கிறீர்கள் அல்லவா? அந்த மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? அளவு தெரிந்த ஒரு துளையை முன்கூட்டியே போட்ட இரும்புக் கட்டை ஒன்று வைத்திருப்பீர்கள். முதலில் அதில் வைத்துப் பார்ப்பீர்கள். துளை இன்ன இடத்தில், இன்ன ஆழத்தில் இருப்பது ஏற்கனவே தெரியும். மெஷின் அதைக் காட்டினால் சரி. காட்டாவிட்டால் மெஷினில்தான் கோளாறு.

மார்பகத்தைப் படம் பிடிக்கும் மெஷினுக்கும் அப்படி ஒரு கட்டை வேண்டும். மனுஷியின் மார்பில் துளை போட்டு வைக்க முடியுமா? ஒரு பெண்ணை நிறுத்தி ஐந்து மெஷினிலும் மாற்றி மாற்றி எக்ஸ்ரே எடுக்க முடியுமா? எக்ஸ்ரே கதிரைத் தேவைக்கு மேல் ஒரு உடம்பில் செலுத்தக் கூடாது. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. உண்மையான பெண்ணின் உள்ளே என்ன இருக்கிறது என்பது முன்கூட்டி யாருக்கும் தெரியாது. இரண்டு மெஷினும் ஒரு கட்டியைத் தவற விட்டால், தவற விட்டது என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

அதனால் முதலில் மாதிரி மார்பகம் செய்தார்கள். ஜெலட்டின், அகர் இரண்டையும் காய்ச்சி உறைய வைத்துச் செய்வது ஒரு வகை. அகர் என்பது கடற்பாசியில் எடுப்பது. ரம்ஜான் நோன்புக்குக் கடல்பாசி இனிப்பு செய்வார்களே, அதே சரக்கு. மெதுவான பாகத்துக்கு நடுவே கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சிய உருண்டை ஒன்றைப் புதைத்தால் கட்டி தயார். ஸ்கேன் கருவியை அதன்மேல் வைத்துப் பழகலாம், அளக்கலாம்.

ஆனால் ஒவ்வொரு அளவுக்கும் ஒவ்வொரு ஆழத்துக்கும் காய்ச்சிக்கொண்டே இருக்க முடியாது. அதனால் கம்ப்யூட்டருக்குப் போனார்கள்.

கம்ப்யூட்டரில் எப்படிச் செய்கிறார்கள்?

ஒரு வீட்டைச் செங்கல் செங்கல்லாக அடுக்கிக் கட்டுவது போல, மார்பகத்தைக் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு சதுரக் கட்டிகளாக அடுக்குகிறார்கள். நிஜமாக அல்ல, கணக்கில். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பேர் கொடுக்கிறார்கள்: இது கொழுப்பு, இது சுரப்பி, இது நார், இது தோல். ஒவ்வொன்றின் குணத்தையும் எழுதுகிறார்கள். அழுத்தினால் எவ்வளவு அமுங்கும், எக்ஸ்ரே பட்டால் எவ்வளவு கதிரை நிறுத்திக்கொள்ளும் என்பது வரைக்கும். அமுங்கும் குணத்தை அவர்கள் குத்துமதிப்பாக எழுதவில்லை. ஆபரேஷனில் எடுத்த சதைகளை அழுத்திப் பார்த்து அளந்திருக்கிறார்கள். டாக்டர் கிரவுஸ்காப் என்பவரும் உடன் இருந்தவர்களும் செய்த அந்த அளவு 1998-ல் வெளியானது. பரவும் புற்றுச் சதை, கொழுப்பை விடப் பல மடங்கு கெட்டி என்று அதில் தெரிந்தது. உங்கள் விரலுக்குக் கட்டி கல் மாதிரி படுவதற்கு அதுதான் காரணம்.

பிறகு, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் ஒரு கட்டியை வைக்கிறார்கள். கம்ப்யூட்டரிலேயே அதை அழுத்தியும் பார்க்கிறார்கள், கம்ப்யூட்டரிலேயே படமும் எடுக்கிறார்கள். கட்டி எங்கே இருக்கிறது என்பது வைத்தவருக்குத் தெரியும். துளை போட்ட இரும்புக் கட்டை மாதிரியேதான்.

அழுத்திப் பார்த்துப் படம் எடுக்கும் முறைக்கு எலாஸ்டோகிராபி என்று பெயர். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் ஜோனதன் ஓபிர் என்பவரும் அவருடைய குழுவினரும் 1991-ல் இதை வெளியிட்டார்கள். ஸ்கேன் கருவியை வைத்து ஒரு தடவை பதிவு செய்வது, மிக லேசாக அழுத்தி மறுபடி பதிவு செய்வது, இரண்டையும் ஒப்பிடுவது. மெதுவான இடம் அதிகமாக அமுங்கியிருக்கும். கெட்டியான இடம் அமுங்காது. டாக்டரின் விரல் உணர்வதைப் படமாக்கியது போல.

அந்த ஹூஸ்டன் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்தவர்தான் நான் முன்பு குறிப்பிட்டவர், அருண் திட்டை. பின்னால் சென்னை ஐ.ஐ.டி.க்குப் பேராசிரியராக வந்தார். அவரும் ஓபிர், கிரவுஸ்காப் முதலியவர்களும் 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று நம் பலாக்கொட்டை, மாங்கொட்டை விஷயமேதான். கட்டி கெட்டியா மெதுவா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. கட்டி பக்கத்துச் சதையோடு ஒட்டியிருக்கிறதா, நழுவுகிறதா என்று கேட்டார்கள். கம்ப்யூட்டரில் கட்டியின் ஓரத்தை ஒரு தடவை ஒட்டி வைத்தார்கள், இன்னொரு தடவை நழுவும்படி வைத்தார்கள். இரண்டையும் அழுத்தினார்கள். கட்டி ஒட்டியிருக்கும்போது அது பக்கத்துச் சதையையும் சேர்த்துப் பக்கவாட்டில் இழுக்கிறது. அந்த இழுபடும் பாகம் படத்தில் கட்டியைச் சுற்றி அகலமாகத் தெரிகிறது. நழுவும் கட்டியில் அப்படி அகலமாகத் தெரிவதில்லை. பிறகு ஜெலட்டின் மாதிரியிலும், அதன் பிறகு பெண்களிடம் எடுத்த ஸ்கேன் பதிவுகளிலும் வைத்துப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் காட்டிய ஜாடை அங்கேயும் தெரிந்தது.

எனக்கு இதில் ஒரு ஆறுதல் உண்டு, சொல்லிவிடுகிறேன். விரலால் தொட்டு ஒரு நொடியில் நான் முடிவு கட்டியதை, படித்தவர்கள் இத்தனை வருஷம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருந்தது.

எக்ஸ்ரேயிலும் இப்படிச் செய்திருக்கிறார்கள். மேமோகிராம் என்பது மார்பகத்தை இரண்டு தட்டுக்கு நடுவே அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. சாதாரண மேமோகிராம் ஒரே படம். புது மாதிரி மெஷினில் எக்ஸ்ரே குழாய் வளைவாக நகர்ந்து பல படங்களை எடுத்து, வெங்காயத்தை அரிந்தது போல அடுக்கடுக்காகக் காட்டும். இரண்டில் எது நன்றாகக் கண்டுபிடிக்கிறது? அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் இதைக் கம்ப்யூட்டரிலேயே சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். 2,986 பெண்கள், அத்தனை பேரும் கணக்கில் பிறந்தவர்கள். கொழுப்பு மிகுந்த மார்பு முதல் சுரப்பி மிகுந்த மார்பு வரை எல்லா வகையும் அதில் இருந்தது. ஒரு மில்லிமீட்டரை 20 பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, ஒவ்வொரு கல்லும் அவ்வளவு சின்னது. படத்தைப் பார்த்துக் கட்டி உண்டா இல்லையா என்று தீர்ப்பு சொன்னதும் கம்ப்யூட்டர்தான். அடுக்குப் படமே கட்டிகளை நன்றாகக் காட்டியது. முன்பு உண்மையான பெண்களிடம் நடத்திய சோதனையும் அதையேதான் சொல்லியிருந்தது. இந்தத் தடவை ஒரு பெண் கூட ரவிக்கையைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. ஒருவர் உடம்பிலும் வீண் கதிர் படவில்லை.

இதனால் மனுஷர்களை வைத்துச் செய்யும் சோதனையே வேண்டாம் என்று ஆகிவிடாது. நாம் எழுதிக் கொடுத்ததைத்தான் கம்ப்யூட்டர் மார்பகம் அறியும். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாயின் மார்பு, மூன்று பிள்ளை பெற்ற மார்பு, ரத்தசோகையில் மெலிந்த உடம்பு என்று நம் ஊர்ப் பெண்களின் உடம்பையும் அளந்து எழுதினால்தான் அந்தக் கணக்கு நமக்கு முழுசாக உதவும். இது என் அபிப்பிராயம். சென்னையில் இருப்பவர்கள் இதைச் செய்வார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

சரி, உங்கள் வீட்டில் என்ன செய்வது?

எந்த மெஷினும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி வராது. கட்டியை முதலில் காண்பது அநேகமாகக் குளிக்கிற பெண்ணின் கைதான். மாதவிலக்கு முடிந்த சில நாட்களில் மார்பகம் மெதுவாக இருக்கும். அப்போது விரல்களைச் சேர்த்துத் தட்டையாக வைத்து, வட்ட வட்டமாக, அக்குள் வரை தடவிப் பாருங்கள். மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதியை வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்பு, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர், அக்குளில் நெறி கட்டுவது, இதில் எது இருந்தாலும் அந்த வாரமே போங்கள். வலி இல்லையே என்று சும்மா இருக்காதீர்கள். புற்றுக் கட்டி ஆரம்பத்தில் அநேகமாக வலிப்பதில்லை. அதுதான் அதன் சூது. பால் கொடுக்கும் தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு கட்டி வருவது சகஜம். இரண்டு வாரத்தில் அது கரையாவிட்டால் அதையும் காட்டியே ஆக வேண்டும்.

"ஓடுற கட்டிதானே" என்று இப்போது நான் யாரிடமும் சொல்வதில்லை. நழுவினாலும் போக வேண்டும், நழுவாவிட்டாலும் போக வேண்டும். மூன்று பரிசோதனை சேர்ந்தால்தான் முடிவு. டாக்டர் கையால் பார்ப்பது ஒன்று, ஸ்கேன் அல்லது மேமோகிராம் ஒன்று, ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்ப்பது ஒன்று. மூன்றும் ஒரே மாதிரி சொன்னால்தான் நிம்மதி.

ஊசி பட்டால் புற்று பரவும் என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. ஆரம்பாக்கம் பக்கத்தில் ஒரு பெரியம்மா என்னிடம் தெலுங்கில் சண்டையே பிடித்தார். அது உண்மையல்ல. ஊசி போட்டதால் பரவுவதில்லை. போடாமல் நாளைக் கடத்துவதால்தான் பரவுகிறது. மாரில் அடிபட்டதால் புற்று வந்தது, கண்ணேறு பட்டு வந்தது, ஒருவரிடமிருந்து தொற்றி வந்தது என்பதெல்லாமும் உண்மையல்ல. மனைவிக்குப் புற்று என்றால் அவரோடு ஒரே பாயில் படுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம்.

30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனையும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் இலவசம். பெண் நர்ஸ் தனி அறையில் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் மேலே அனுப்புவார்கள். நம் மாவட்டத்தில் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கத்தவர்களுக்கு ரயில் ஏறினால் சென்னை ஸ்டான்லி. புற்றுக்கென்றே காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அண்ணா மருத்துவமனையும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் உள்ளன. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள்.

கணவன்மார்களே, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. மனைவி தன் கட்டியைப் பற்றி முதலில் சொல்வது உங்களிடம்தான். அல்லது, உங்களிடம் சொல்ல வேண்டுமே என்று பயந்துதான் யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார். "ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு நாள் லீவு போட்டுக் கூடவே போங்கள். ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் உட்காருங்கள். ஆம்பளைக்கு அங்கே என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். டாக்டர் சொல்வதைப் பயத்தில் இருக்கிற ஒரு ஆள் கேட்பதை விட இரண்டு பேர் கேட்பது மேல். சொல்லப் போனால் ஆண்களுக்கும் மார்பில் புற்று வரும், அபூர்வமாக. உங்கள் மாரிலும் கட்டி வந்தால் காட்டுங்கள்.

ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். மார்பகம் முழுவதையும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கவும் பல பேருக்கு வழி இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு. காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். பழைய ஸ்கேன் படங்களையும் அதே உறையில் வையுங்கள், அடுத்த தடவை ஒப்பிட்டுப் பார்க்க டாக்டருக்கு வேண்டும்.

முதலில் சொன்ன அந்தத் தாய்க்கு ஒரு பக்க மார்பகத்தை எடுக்க வேண்டி வந்தது. மருந்தும் கதிர் வைத்தியமும் ஒரு வருஷம் நடந்தது. அந்த ஒரு வருஷமும் அவருடைய கணவர் இரவு ஷிப்டாகவே கேட்டு வாங்கிக்கொண்டு, பகலில் அவரை ரயிலில் அழைத்துப் போய் வந்தார். இன்றைக்கு அவருக்குப் பேத்தி இருக்கிறாள். போன மாதம் எங்கள் முகாமுக்குத் தன் மருமகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அந்தப் பெண்ணுக்கும் ஒரு சின்னக் கட்டி, நழுவுகிற கட்டி. அவருக்கு நேரம் எப்போது கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கே சீட்டு எழுதிக் கொடுத்தேன், மறுநாளே ஸ்கேன் எடுத்தார்கள், ஊசிப் பரிசோதனையும் ஆயிற்று. பைப்ரோ அடினோமா. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தேதியை என் டைரியிலும் குறித்து வைத்திருக்கிறேன்.